பதினான்கு இடங்கள், ஆயிரத்து நானூறு சதவீதம்: என்.எஃப்.எல். பிளேஓஃப் அணிகளைக் கணிக்கும் முறை

நல்லூர்த் திருவிழா முடிந்து, கோயிலைச் சுற்றிப் போட்டிருந்த கடைகளின் தகரங்கள் கழற்றப்பட்டு, வீதி மறுபடி வாகனங்களுக்குத் திறக்கப்படும் நாட்களை ஒட்டி அமெரிக்கக் கால்பந்தாட்ட லீக்கான என்.எஃப்.எல். இன் பருவம் தொடங்கிவிடும். கொக்குவிலில் இருக்கும் நானும், ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனும், லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் மச்சான்மாரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் ஒரு போட்டி நடக்கும். பணம் வைப்பதில்லை. லீக்கின் 32 அணிகளில் ஒவ்வொன்றும் பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றான பிளேஓஃபுக்குள் நுழைவதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு உண்டு என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதி அனுப்ப வேண்டும். ஜனவரியில் யாருடைய பட்டியல் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்று பார்ப்போம். நான் முதன்முதலில் அனுப்பிய பட்டியலை ஸ்காபரோ அண்ணா கூட்டிப் பார்த்துவிட்டு, "1,860 வருகுதடா தம்பி. இருக்கிறது பதினாலு இடம். மிச்ச நாலரை அணியையும் எங்கை கொண்டுபோய் இருத்தப் போறாய்?" என்று கேட்டார். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் முறை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

கணிப்பவர்களில் பெரும்பாலோர் எந்த அணி நல்ல அணி என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். நல்ல அணிகள் எப்போதும் இடங்களை விட அதிகமாகவே இருக்கும். ஆகவே முதலில் இடங்களை எண்ண வேண்டும். அணிகளைப் பற்றிய அபிப்பிராயத்தைப் பிறகு அந்த எண்ணிக்கைக்குள் அடக்க வேண்டும்.

இடங்களை எண்ணுதல்

32 அணிகளும் ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு கொன்ஃபரன்ஸ்களாகவும், ஒவ்வொரு கொன்ஃபரன்ஸும் கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு டிவிஷன்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. முன்னதை இங்கே பாதி என்றும் பின்னதைக் குழு என்றும் எழுதுகிறேன். ஒரு குழுவில் நான்கே அணிகள். குழுக்களின் திசைப் பெயரைப் பார்த்துவிட்டு வரைபடத்தைத் தேட வேண்டாம். டெக்சாஸில் இருக்கும் டல்லஸ் கவ்போய்ஸ் அணி என்.எஃப்.சி. கிழக்குக் குழுவில்தான் ஆடுகிறது. 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 போட்டிகள் ஆடுகிறது. எஞ்சிய ஒரு வாரம் ஓய்வு. 2020 முதல் ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஏழு அணிகள் பிளேஓஃபுக்குச் செல்கின்றன. அவற்றில் நான்கு இடங்கள் நான்கு குழுக்களிலும் முதலாவதாக வந்த அணிகளுக்கு உரியவை. மிகுதி மூன்று இடங்களும் அந்தப் பாதியில் எஞ்சியவற்றுள் சிறந்த வெற்றி தோல்விப் பதிவுள்ள அணிகளுக்கு வைல்ட் கார்ட் என்ற பெயரில் கிடைக்கின்றன.

எங்கள் யாழ்ப்பாண அணி ஆடும் லங்கா பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகளில் நான்கு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். அங்கே வெளியேறப்போகும் ஓர் அணியைச் சொல்லிவிட்டால் கணிப்பு முடிந்தது. இங்கே 32 இல் 14, அதாவது சராசரியாக ஓர் அணிக்கு ஏறத்தாழ 44 சதவீதம். எதுவுமே தெரியாத ஒருவர் எல்லா அணிகளுக்கும் 44 என்று எழுதினாலும் அது முட்டாள்தனமான பட்டியல் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை இறுதியில் மீண்டும் சந்திப்போம்.

இதிலிருந்து இரண்டு கட்டுப்பாடுகள் பிறக்கின்றன. உங்கள் 32 சதவீதங்களின் கூட்டுத்தொகை சரியாக 1,400 ஆக, ஒவ்வொரு பாதிக்கும் 700 ஆக இருக்க வேண்டும். அத்துடன் எந்தக் குழுவின் நான்கு அணிகளையும் கூட்டினாலும் 100 க்குக் குறையக் கூடாது, ஏனென்றால் அந்தக் குழு எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஓர் அணி அதிலிருந்து உள்ளே போயே தீரும். இரண்டாவது கட்டுப்பாட்டைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நான்கு அணிகளையும் தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றையும் "தேறாது" என்று 15, 20 என எழுதிவிட்டுப் போய்விடுவோம். 2010 இல் சியாட்டில் சீஹோக்ஸ் 7 வெற்றி, 9 தோல்வியுடன் தன் குழுவை வென்று உள்ளே போனது மட்டுமல்ல, 11 வெற்றிகளுடன் வந்த நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸைத் தன் சொந்தத் திடலில் தோற்கடித்தும் அனுப்பியது. 2014 இல் கரோலினா பாந்தர்ஸ் 7 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமநிலையுடனும், 2022 இல் டாம்பா பே பக்கனியர்ஸ் 8 வெற்றி, 9 தோல்வியுடனும் குழு முதல்வர்களாயின.

மறுபக்கத்தைக் காண 2008 ஆம் ஆண்டின் ஏ.எஃப்.சி. பாதியைப் பார்த்தால் போதும். அப்போது 16 போட்டிகள், பாதிக்கு ஆறு இடங்கள். கிழக்குக் குழுவில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 11 வெற்றி, 5 தோல்வி எடுத்தும் வெளியே நின்றது. அதே பாதியின் மேற்குக் குழுவில் 8 வெற்றி, 8 தோல்வி எடுத்த சான் டியேகோ சார்ஜர்ஸ் குழு முதல்வராக உள்ளே போனது. பேட்ரியட்ஸின் இடத்தை அடைத்தது அதற்கு முந்தைய ஆண்டில் ஒரே ஒரு போட்டியை வென்று பதினைந்தில் தோற்றிருந்த மியாமி டொல்பின்ஸ். எனவே ஓர் அணியின் சதவீதத்தை எழுதும்போது அதன் பலத்தைப் போலவே அந்தக் குழுவில் மற்ற மூவரும் யார் என்பதையும் எடை போட வேண்டும். ஒரே பலமுள்ள இரண்டு அணிகளில், பலவீனமான குழுவில் இருப்பதற்கு 60 உம், இரண்டு வல்லவர்களோடு மாட்டிக்கொண்டதற்கு 40 உம் கொடுப்பது நியாயமானதே.

புள்ளி வித்தியாசம்

பலத்தை அளக்க முந்தைய ஆண்டின் வெற்றி எண்ணிக்கையை எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன், அதற்குரிய விலையையும் கொடுத்தேன். 2022 இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 13 போட்டிகளில் வென்று நான்கில் மட்டும் தோற்றது. ஆகவே 2023 பட்டியலில் அவர்களுக்கு 80 எழுதினேன். அதே என்.எஃப்.சி. வடக்குக் குழுவில் 9 வெற்றி, 8 தோல்வியுடன் முடித்து பிளேஓஃபுக்கு வெளியே நின்ற டெட்ரொய்ட் லயன்ஸுக்கு 40 எழுதினேன். 2023 இல் லயன்ஸ் 12 வெற்றிகளுடன் 1993 க்குப் பிறகு முதல் முறையாகக் குழுவை வென்றது. வைக்கிங்ஸ் 7 வெற்றி, 10 தோல்வியுடன் வீட்டில் இருந்தது.

அண்ணா அனுப்பியது அணிக்கு இரண்டே எண்கள். 2022 இல் வைக்கிங்ஸ் மொத்தமாக எடுத்த புள்ளிகள் 424, விட்டுக்கொடுத்தவை 427. லயன்ஸ் எடுத்தவை 453, விட்டுக்கொடுத்தவை 427. பதின்மூன்று போட்டிகளை வென்ற அணி மொத்தத்தில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது! அது எப்படி என்று போட்டிகளைப் புரட்டிப் பார்த்தால் விளங்கும். எட்டுப் புள்ளி அல்லது அதற்குக் குறைந்த இடைவெளியில் முடிந்த பதினொரு போட்டிகளையும் வைக்கிங்ஸ் வென்றது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை; தோற்றபோதோ டல்லஸிடம் சொந்தத் திடலில் 40 க்கு 3 என்று தோற்றது. இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக 33 புள்ளி பின்தங்கியிருந்து மேலதிக நேரத்தில் 39 க்கு 36 என்று வென்ற போட்டியும் அந்த ஆண்டில்தான். லீக் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அது. பார்ப்பதற்கு அற்புதம், அடுத்த ஆண்டைக் கணிப்பதற்கு ஆபத்து. நெருக்கமான போட்டிகளின் கடைசி இரண்டு நிமிடங்களில் முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதில் திறமைக்கு உள்ள பங்கு சிறிது. அந்தப் பங்கு அடுத்த ஆண்டுக்குத் தொடர்வதும் அரிது.

இதை எண்ணாக மாற்ற ஒரு வாய்ப்பாடு உண்டு. பேஸ்போல் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய பைதகரஸ் கணிப்பு என்ற முறையை டரில் மோரே இந்த ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். எடுத்த புள்ளிகளை 2.37 ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். விட்டுக்கொடுத்த புள்ளிகளையும் அவ்வாறே உயர்த்துங்கள். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். வைக்கிங்ஸுக்கு அது 0.496, அதாவது 17 போட்டிகளில் 8.4 வெற்றி. பாடசாலைக் கணிப்பான் கையில் இல்லாவிட்டால், அணிகள் போட்டிக்குச் சராசரியாக 22 புள்ளி எடுக்கும் இக்காலத்தில், பருவம் முழுவதற்குமான வித்தியாசத்தில் 37 புள்ளிக்கு ஒரு வெற்றி என்று வைத்து 17 இல் பாதியான 8.5 உடன் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம்; விடை பெரிதாக மாறாது.

வைக்கிங்ஸுக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபர் இறுதியில் அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் வீரர், கேர்க் கசின்ஸ் குதிநாண் அறுந்து பருவத்தை இழந்தார், அதன் பிறகே அணி முழுவதுமாகச் சரிந்தது. ஆனால் அவர் விழுந்த போட்டியின் முடிவில்கூட அவர்களது பதிவு 4 வெற்றி, 4 தோல்விதான். எண்கள் சொன்ன சராசரி அணியே அது.

பருவம் தொடங்குமுன் செய்ய வேண்டியது இவ்வளவே. முந்தைய ஆண்டின் புள்ளி வித்தியாசத்தை 32 அணிகளுக்கும் சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பாதியாக்குங்கள், ஏனென்றால் வல்லவர்கள் சற்றுத் தேய்வதும் மெலிந்தவர்கள் சற்றுத் தேறுவதும் இந்த லீக்கின் இயல்பு: கடைசியாக வந்த அணிக்கே புதிய வீரர் தெரிவில் முதல் இடம் கிடைக்கிறது, சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் யாரும் எல்லோரையும் வாங்கிக் குவிக்க முடியாது. இரண்டால் வகுப்பது என் பழக்கம். இன்னும் கடுமையாகக் குறைப்பவர்களோடும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 1990 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டு பிளேஓஃபில் இல்லாத குறைந்தது நான்கு அணிகள் புதிதாக உள்ளே வந்திருக்கின்றன. ஆகவே உங்கள் முதல் பதினான்கில் பழையவர்கள் பத்துக்கு மேல் இருந்தால் கொப்பியை மீண்டும் திறக்க வேண்டும்.

குவார்ட்டர்பேக்கும் அட்டவணையும்

துடுப்பாட்டத்தில் ஒரு வீரர் காயப்பட்டால் மற்றப் பத்துப் பேர் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. முதல்தரமான ஒருவர் விலகி மாற்று வீரர் வந்தால் அந்த அணியை ஒரு போட்டிக்கு ஐந்து முதல் ஏழு புள்ளி வரை நான் கீழிறக்குவேன். வேறு எந்த வீரருக்கும் இரண்டு புள்ளிக்கு மேல் நகர்த்த மாட்டேன். 2023 இல் நியூயோர்க் ஜெட்ஸ் ஆரன் ரொட்ஜர்ஸை நம்பிப் பருவத்தைத் தொடங்கியது; நான்காவது நகர்விலேயே அவருடைய குதிநாண் அறுந்தது, அணி 7 வெற்றியோடு நின்றது. ஆனாலும் இதை விதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. அதே ஆண்டில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் ஐந்து குவார்ட்டர்பேக்குகளை மாறி மாறித் தொடக்கத்தில் இறக்கி 11 வெற்றிகளுடன் உள்ளே போனது. முன்னே சொன்ன 2008 பேட்ரியட்ஸ் டொம் பிரேடியை முதல் போட்டியிலேயே இழந்த பிறகுதான் 11 போட்டிகளை வென்றது. காயத்துக்குச் சதவீதத்தைக் குறைக்கலாம், பூச்சியமாக்கக் கூடாது.

எதிர்த்திசையில் ஏறும் அணிகளைத் தேடினால், புதிய குவார்ட்டர்பேக்கும் புதிய பயிற்றுவிப்பாளரும் ஒரே ஆண்டில் வந்த இடங்களைப் பாருங்கள். ஹியூஸ்டன் டெக்சன்ஸ் 2022 இல் மூன்றே வெற்றி, சி.ஜே. ஸ்ட்ரவுட்டும் பயிற்றுவிப்பாளர் டிமேக்கோ ரையன்ஸும் வந்த 2023 இல் பத்து வெற்றியுடன் குழு முதல்வர். வொஷிங்டன் கொமாண்டர்ஸ் 2023 இல் நான்கு வெற்றி. ஜேடன் டானியல்ஸும் டான் குவினும் வந்த 2024 இல் பன்னிரண்டு. இப்படி மாறிய எல்லா அணிகளும் ஏறுவதில்லை, பெரும்பாலானவை ஏறுவதே இல்லை. இருந்தாலும் இத்தகைய அணிக்கு 5 என்று எழுதுவதற்குப் பதிலாக 20 என்று எழுதி வைப்பதால் ஒரு பட்டியல் கெட்டுப்போகாது.

அட்டவணையைப் பற்றிப் பேச்சுத்தான் அதிகம், விளைவு குறைவு. ஓர் அணி தன் குழுவின் மூவரோடு தலா இருமுறை ஆறு போட்டிகளும், தன் பாதியின் வேறொரு குழு முழுவதோடு நான்கும், மறுபாதியின் ஒரு குழு முழுவதோடு நான்கும் ஆடுகிறது; இந்தக் குழுக்கள் ஆண்டுதோறும் சுழற்சியில் மாறும். மிகுதி மூன்று போட்டிகள் மட்டுமே முந்தைய ஆண்டில் தன்னைப் போன்ற அதே இடத்தில் முடித்த அணிகளோடு நடப்பவை. "கடைசியாக வந்ததால் இலகுவான அட்டவணை" என்று சொல்லப்படுவது 17 இல் அந்த மூன்றைப் பற்றியது மட்டுமே. எந்தக் குழுவோடு சுழற்சி விழுந்திருக்கிறது என்பதே பெரிய வேறுபாடு, அதை அந்தக் குழுவின் நான்கு அணிகளும் சேர்ந்தே அனுபவிக்கும்.

பருவம் ஓடும்போது

எங்கள் நேரத்துக்கு ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு முதல் தொகுதிப் போட்டிகள் தொடங்கும்; நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பிய பிறகு பதினொன்றரை ஆகிவிடும். இரண்டாம் தொகுதி நள்ளிரவைத் தாண்டி வெகு நேரத்துக்குப் பின், ஞாயிறு இரவுப் போட்டி எங்களுக்குத் திங்கள் விடியற்காலையில். எல்லாவற்றையும் விழித்திருந்து பார்ப்பது கணிப்புக்குத் தேவையில்லை, உடம்புக்கும் நல்லதல்ல. செவ்வாய் காலையில் தேநீரோடு அமர்ந்து 32 அணிகளின் புள்ளி வித்தியாசத்தையும் காயப்பட்டோர் விவரத்தையும் புதுப்பித்தால் போதும்.

முதல் மாதத்தில் பதற்றமே எதிரி. முதல் இரண்டு போட்டிகளில் தோற்ற அணியை எல்லோரும் அடித்துவிடுவார்கள். பத்து வெற்றி எடுத்தால் பெரும்பாலும் உள்ளே போகலாம். நாணயம் சுண்டுவது போன்ற ஒரு சராசரி அணி 17 இல் பத்தோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதம். இரண்டு தோல்விக்குப் பின் எஞ்சிய 15 இல் பத்தை வெல்லும் வாய்ப்பு 15 சதவீதம். பாதியாகக் குறைவது உண்மை, மறைந்துவிடுவதில்லை. ஆனால் அணி சராசரியானதல்ல, நல்லது என்று நீங்கள் முன்பு நம்பியிருந்தால் இரண்டு தோல்விகள் அந்த நம்பிக்கையை அவ்வளவு மாற்றக் கூடாது. 2024 இல் பால்டிமோர் ரேவன்ஸும் லொஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் இரண்டு தோல்விகளோடு தொடங்கி இரண்டும் தத்தம் குழுக்களை வென்றன. 1992 இல் சார்ஜர்ஸ் முதல் நான்கிலும் தோற்றுவிட்டு, பிறகு பதினொன்றை வென்று உள்ளே போனது. என் நடைமுறை இது: நான்காம் வாரம் வரை பருவத்துக்கு முந்தைய மதிப்பீட்டையே பெரிதாகப் பிடித்துக்கொள்வேன், எட்டாம், ஒன்பதாம் வாரம் அளவில் இந்த ஆண்டின் வித்தியாசத்துக்கும் அதற்கும் சம எடை, அதற்குப் பிறகு இந்த ஆண்டே பேச வேண்டும்.

தனிப் போட்டிக்குச் சதவீதம் போட, இரு அணிகளின் போட்டிச் சராசரி வித்தியாசங்களைக் கழித்து, சொந்தத் திடலுக்கு ஒன்றரை அல்லது இரண்டு புள்ளி சேர்த்து, ஒவ்வொரு புள்ளிக்கும் 50 இலிருந்து மூன்று சதவீதம் வீதம் நகருங்கள். மூன்று புள்ளி மேலான அணிக்கு 59, ஏழு புள்ளி மேலான அணிக்கு 71. ஏழுக்கு மேல் போனால் இந்தக் கணக்கு சற்று மிகைப்படுத்தும், எனவே 80 க்கு மேல் நான் எழுதுவதே அபூர்வம்.

டிசெம்பரில் சீட்டுக்கட்டு

மாரி மழை பிடித்து, மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் 304 ஆட்டம் தொடங்கிவிடும். நால்வர் ஆடும் 304 இல் இரண்டு முதல் ஆறு வரையான சீட்டுகளுக்கு வேலை இல்லை, ஒதுக்கி வைத்துவிடுவோம். அவற்றையும் சேர்த்து ஒரே பூவில் ஆசிலிருந்து பத்து வரை பத்துச் சீட்டுகளை எடுங்கள். கணினியில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்க்கும் முறையை மெழுகுதிரி வெளிச்சத்திலும் செய்வதற்கு அந்தப் பத்துச் சீட்டுகளே போதும்.

ஓர் அணி 7 வெற்றி, 5 தோல்வியில் நிற்கிறது என்று கொள்வோம். எஞ்சிய ஐந்து போட்டிகளுக்கு நீங்கள் போட்ட வாய்ப்பு முறையே 70, 50, 40, 60, 50. கூட்டினால் 2.7, ஆகவே எதிர்பார்ப்பு 9.7 வெற்றி. இந்தச் சராசரியோடு நிறுத்திவிட்டால் எதுவும் தெரியாது. முதல் போட்டிக்குப் பத்துச் சீட்டுகளையும் கலைத்து ஒன்றை உருவுங்கள்; ஆசிலிருந்து ஏழுக்குள் வந்தால் வெற்றி. சீட்டைத் திருப்பிப் போட்டுக் கலைத்து, இரண்டாம் போட்டிக்கு ஐந்துக்குள் வந்தால் வெற்றி. இவ்வாறு ஐந்தும் முடிந்ததும் மொத்த வெற்றியைக் கொப்பியில் ஒரு கோடாகப் போடுங்கள். பொறுமையாகச் செய்துகொண்டே போனால் கோடுகள் ஏறத்தாழ இப்படி அமையும்: நூறில் 58 தடவை பத்து வெற்றியோ அதற்கு மேலோ, 29 தடவை சரியாக ஒன்பது, 13 தடவை எட்டோ அதற்குக் குறைவோ. பத்து எடுத்தால் பெரும்பாலும் உள்ளே, ஒன்பதில் கேள்விக்குறி, எட்டில் ஏறத்தாழ வெளியே என்று வைத்தால் இந்த அணிக்கு 60 ஐச் சுற்றி ஓர் எண் பொருத்தமாகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அணி அணியாகச் சீட்டு உருவினால் 1,860 தவறு திரும்பவும் வந்து நிற்கும், ஏனென்றால் ஒரே இடத்துக்காகப் போராடும் இரண்டு அணிகள் ஒன்றோடொன்று மோதும் போட்டியில் இரண்டையும் நீங்கள் வெல்ல வைத்துவிடுவீர்கள். சீட்டை அணிக்கு உருவாதீர்கள், போட்டிக்கு உருவுங்கள். அந்த வாரத்தில் அந்தப் பாதியின் எல்லாப் போட்டிகளையும் ஒரே சுற்றில் தீர்த்தால் ஏழு இடங்களும் ஏழாகவே இருக்கும். வேலை அதிகம் என்பது உண்மை. கிட்டத்தட்ட உள்ளே போய்விட்டவர்களையும் வெளியேறிவிட்டவர்களையும் ஒதுக்கிவிட்டால் ஐந்தாறு அணிகளே மிஞ்சும். இணையம் இருக்கும் நாட்களில் ஈ.எஸ்.பி.என். தளத்தின் பிளேஓஃப் மெஷின் என்ற கருவியில் ஒவ்வொரு போட்டிக்கும் வெற்றியாளரைக் குறித்தால் சமநிலை விதிகளையும் அதுவே பிரயோகித்து வரிசையைத் தரும். பந்தய நிறுவனங்களின் விகிதங்களைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அவர்களது இலாபம் அதற்குள் ஒளிந்திருக்கும். 32 அணிகளுக்கும் கூட்டினால் 1,400 ஐத் தாண்டியே வரும்.

சமநிலை

வெற்றி எண்ணிக்கை சமமானால் ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நாம் உடனே நிகர ஓட்ட விகிதம் போன்ற ஒன்றைத் தேடுவோம். இங்கே புள்ளி வித்தியாசம் விதிப் பட்டியலின் வெகு அடியில் கிடக்கிறது. அது கணிப்பவரின் கருவி, தரவரிசையின் கருவி அல்ல. ஒரே குழுவின் இரண்டு அணிகள் சமமானால் முதலில் அவை தம்முள் ஆடிய போட்டிகள், பிறகு குழுவுக்குள் பதிவு, பிறகு பொது எதிரணிகளுக்கு எதிரான பதிவு, பிறகு பாதிக்குள் பதிவு, அதன் பின்னரே வீழ்த்திய அணிகளின் பலம். வைல்ட் கார்டுக்கு வெவ்வேறு குழுக்களின் அணிகள் மோதும்போது நேரடி மோதலுக்கு அடுத்ததாகப் பாதிக்குள் பதிவு வந்துவிடும். ஆகவே மறுபாதி அணியிடம் தோற்பதும் தன் பாதி அணியிடம் தோற்பதும் ஒரே தோல்வியல்ல. 17 இல் 12 போட்டிகள் தன் பாதிக்குள் நடப்பவை, கொப்பியில் அவற்றுக்குத் தனி நிரல் வேண்டும். 2008 பேட்ரியட்ஸ் டொல்பின்ஸிடம் குழுவை இழந்தது இந்தப் பாதிப் பதிவில்தான், 8 க்கு 7 என்று ஒரு வெற்றி வித்தியாசத்தில்.

ஸ்காபரோ அண்ணா பஃபலோ பில்ஸ் ஆதரவாளர். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத்தில் இருக்கும் அணி அது. 2008 முதல் 2013 வரை சில போட்டிகளை ரொறன்ரோவிலேயே ஆடியும் இருக்கிறது. 1999 க்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் அவர்கள் பிளேஓஃபைக் காணவில்லை. 2018 புதுவருடத்தன்று காலை ஆறு மணி இருக்கும், வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா அலறும் தொலைபேசியை என் கையில் தந்தார். 2017 பருவத்தின் கடைசிப் போட்டிகள் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தன. பில்ஸ் தன் போட்டியை வென்று 9 வெற்றி, 7 தோல்வியில் நின்றது, ஆனால் ரேவன்ஸும் வென்றுவிட்டால் வெளியே. ரேவன்ஸ் முன்னணியில், எதிரே ஏற்கெனவே வெளியேறிவிட்ட சின்சினாட்டி பெங்கால்ஸ், கடைசியான நான்காவது முயற்சி, பந்தைத் தக்கவைக்கப் பன்னிரண்டு யார் தேவை, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அண்டி டோல்டன் எறிந்த பந்தை டைலர் பொய்ட் பிடித்து 49 யார் டச்டவுன் ஆக்கினார். அண்ணா மறுமுனையில் அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு அணிகள் ஒன்பது வெற்றியில் சமமாக நின்ற அந்த ஆண்டில் இரண்டு உள்ளே போயின, இரண்டு வெளியே நின்றன. பில்ஸ் ஆதரவாளர்கள் டோல்டனின் அறக்கட்டளைக்கு 17 டொலர், 17 டொலராக அனுப்பிக் குவித்தார்கள்.

அந்தக் கதையில் கணிப்பவருக்குப் பயனுள்ள பகுதி பெங்கால்ஸ்தான்: வெளியேறிவிட்ட அணியும் கடைசி வாரத்தில் வெல்ல ஆடும், அதற்கு 25 க்குக் கீழே எழுதாதீர்கள். உண்மையில் ஐயப்பட வேண்டியது இடத்தை உறுதிசெய்துவிட்ட அணியை. 2024 இல் ராம்ஸ், வீழ்த்திய அணிகளின் பலம் என்ற விதியால் பதினேழாம் வாரத்திலேயே குழுவை உறுதிசெய்துகொண்டு, பதினெட்டாம் வாரத்தில் குவார்ட்டர்பேக் மத்தியூ ஸ்டஃபோர்ட் உட்பட முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தது. சீஹோக்ஸ் அந்தப் போட்டியில் 30 க்கு 25 என்று வென்றது. இரு அணிகளும் 10 வெற்றி, 7 தோல்வியில் முடிந்தன. ராம்ஸ் உள்ளே, சீஹோக்ஸ் வெளியே. பதினெட்டாம் வாரத்துக்கு ஆகவே வழக்கமான எண்களை விட்டுவிட்டு, எந்த அணிக்கு இன்னும் எதற்காக வெல்ல வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு போட்டியின் அருகிலும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் முதலாவதாக வரும் அணிக்கு மட்டுமே முதல் சுற்றில் ஓய்வு என்பதால், முதலிடத்துக்கு இருவர் போட்டியிட்டால் இருவரும் முழு பலத்தோடு இறங்குவார்கள்.

கொப்பியைத் திருத்துதல்

பொங்கலுக்கு முதல் வாரத்தில் பதினான்கு பெயர்களும் தெரிந்துவிடும். நாங்கள் புள்ளி போடுவது இப்படி. உள்ளே போன அணிக்கு 1, போகாததற்கு 0 என்று வைத்து, நீங்கள் எழுதிய சதவீதத்தைத் தசமமாக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, 32 ஐயும் கூட்டுங்கள். குறைந்த தொகை வென்றது. வைக்கிங்ஸுக்கு நான் எழுதிய 80 ஒன்றே எனக்கு 0.64 ஐத் தேடித் தந்தது. 55 என்று எழுதியிருந்தால் 0.30 தான் வந்திருக்கும். எல்லா அணிக்கும் கண்ணை மூடிக்கொண்டு 44 எழுதிய அந்தப் பட்டியலுக்கு மொத்தம் 7.9 வரும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆண்டு இரண்டு பேர் 7.9 ஐத் தாண்டினார்கள், அதில் ஒருவன் நான். தாண்டியவர்கள் மற்றவர்களுக்குப் பொங்கல் பலகாரம் அனுப்ப வேண்டும் என்பது விதி, ஒஸ்லோவுக்குப் பனங்கட்டி அனுப்பும் தபால் செலவு பலகாரத்தை விடக் கூடியது.

திருத்தி முடிந்ததும் அடுத்த பக்கத்தில் தேதியிட்டு, 32 அணிகளின் அந்தப் பருவப் புள்ளி வித்தியாசத்தையும், எட்டுப் புள்ளிக்குள் முடிந்த போட்டிகளில் ஒவ்வோர் அணியின் வெற்றி தோல்வியையும் அப்போதே எழுதி வையுங்கள். செப்டெம்பரில் பாதியாக்க வேண்டிய எண்கள் அவைதான்.